ரயில் ஏன் தடம் புரண்டது? விசாரணை நடக்கும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் தடம் புரண்ட செய்தி வந்த அரை மணி நேரத்துக்குள் காரணமும் வந்துவிடுகிறது. சதி என்பார் ஒருவர், ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்பார் இன்னொருவர், தண்டவாளம் உடைந்து கிடக்கும் படத்தைப் பரப்புவார் மூன்றாமவர். கவிழ்ந்த ரயிலுக்கு அடியில் எல்லாமேதான் உடைந்து கிடக்கும். அவற்றில் எது முதலில் உடைந்தது என்பதைப் பிரித்தெடுப்பதுதான் விசாரணை. இந்திய ரயில்வேயில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. தேவைப்பட்ட இடத்தில் பிற நாட்டு விபத்துகளையும் சேர்த்திருக்கிறேன்.

விபத்து நடந்த இடத்தில் முதலில் தடயம் சேகரிப்பவர் யார்?

முதலில் போவது மருத்துவ வண்டியும் கிரேனும். உயிரைக் காப்பதற்காக ஒரு தடயம் அழிந்தால் அழியட்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. பின்னால் இருபது முப்பது ரயில்கள் காத்து நிற்கும். பாதையை எப்போது திறப்பீர்கள் என்று மேலிடத்திலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்த பிறகு, அந்தப் பெட்டியின் சக்கரம் எங்கே கிடந்தது என்பதை எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

எனவே கிரேன் தொடுவதற்கு முன்பே படங்கள் எடுக்கப்பட வேண்டும், சக்கரங்கள் கிடந்த இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், தண்டவாளத்தின் அளவுகள் எடுக்கப்பட வேண்டும். தண்டவாளப் பிரிவு, பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவு, சிக்னல் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு ஆகியவற்றின் மேற்பார்வையாளர்கள் சேர்ந்து நின்று அளந்து, ஒரே தாளில் கையெழுத்திடுவார்கள். ‘ஜாயிண்ட் நோட்’ என்று அவர்கள் பேச்சில் அடிபடும் கூட்டுக் குறிப்பு அதுதான்.

கூட்டுக் குறிப்பு என்றாலும் எல்லோரும் கூடி ஒத்துப்போவது அபூர்வம். தண்டவாளம் சரியாக இருந்தது, சக்கரம்தான் தேய்ந்திருந்தது என்று ஒரு பிரிவு எழுதும். சக்கரத்தில் குறையில்லை, தண்டவாளம்தான் தளர்ந்திருந்தது என்று மறு பிரிவு எழுதும். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா அருகே திப்ருகர்–சண்டிகர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டபோது, தண்டவாளம் சரியாகப் பிணைக்கப்படவில்லை என்று கூட்டுக் குறிப்பில் பெரும்பான்மையோர் எழுத, தண்டவாளப் பிரிவைச் சேர்ந்தவர் அதை மறுத்து எழுதினார். இத்தகைய மறுப்புக் குறிப்பைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது. இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகிப்பதால்தான் இருவருமே அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்க்கிறார்கள்.

சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு?

பயணிகள் ரயிலில் உயிரிழப்போ கொடுங்காயமோ பெரும் சொத்துச் சேதமோ ஏற்பட்டால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். சிறிய விபத்துகளை ரயில்வே நிர்வாகமே தன் அதிகாரிகளைக் கொண்டு விசாரித்துக்கொள்ளும். சாட்சிகளை வரவழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதிலும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு.

நம் பக்கத்து விபத்துகளைப் பார்ப்பது பெங்களூருவில் உள்ள தெற்கு வட்ட அலுவலகம். தலைமை ஆணையர் இருப்பது லக்னோவில். புதிய பாதையில் ரயில் ஓடலாம் என்று சான்று தருவதும் இவர்கள்தான். 2024 நவம்பரில் புதிய பாம்பன் பாலத்தை ஆய்வு செய்து குறைகளை எழுதியபோதுதான் இப்படி ஒரு பதவி இருப்பதே தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிய வந்தது.

ரயில்வேயைப் பற்றி ரயில்வேயே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா?

இந்தக் கேள்வி வெள்ளைக்காரன் காலத்திலேயே கேட்கப்பட்டுவிட்டது. 1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகே பிஹ்தாவில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ஓடிய ‘பசிபிக்’ வகை இன்ஜின்களைப் பற்றி ஆராய லெப்டினன்ட் கர்னல் மவுன்ட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் எந்த ரயில்வே வாரியத்தின் வேலையைச் சோதிக்கிறார்களோ அதே வாரியத்தின் கீழ் பணிபுரிவது சரியல்ல என்று அந்தக் குழு சொன்னது. 1941 மே மாதம் அவர்கள் வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டு, அஞ்சல், வான்வழித் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ரயில் விபத்தை விசாரிக்கும் அமைப்பு இன்றும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பதன் கதை இதுதான். விசித்திரமாகத் தோன்றினாலும் காரணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு.

ஆனால் பிரிவினை பாதிதான் நடந்தது. ஆணையர்களாக வருபவர்கள் ரயில்வே பணியிலிருந்து வந்த பொறியாளர்களே. தொழில் தெரியாதவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பது உண்மை. நேற்றுவரை ஒரே மேசையில் அமர்ந்தவரைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. அதைவிடப் பெரிய குறை, ஆணையர் பரிந்துரை செய்யலாமே தவிர அதைச் செயல்படுத்துவது ரயில்வே வாரியத்தின் கையில் இருக்கிறது என்பது.

சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்குவது எப்படி?

ரயில் சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒரு விளிம்பு உண்டு. பணிமனையில் அதை ‘ஃபிளாஞ்சு’ என்பார்கள். புதுச் சக்கரத்தில் அதன் உயரம் சுமார் 28.5 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆயிரம் டன்னைத் தாண்டும் ரயில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பாதையில் பிடித்து வைத்திருப்பது இந்த விளிம்புதான்.

விளிம்பைத் தண்டவாளத்தோடு பக்கவாட்டில் அழுத்தும் விசை ஒருபுறம். சக்கரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் எடை மறுபுறம். முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால் விளிம்பு தண்டவாளத்தின் தலைமீது ஏறத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான விகிதம் எந்த எல்லையைத் தாண்டினால் ஆபத்து என்பதற்கு நடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு சூத்திரம் தந்துவிட்டார். விளிம்பின் சாய்வு சுமார் 68 பாகை, உராய்வுக் கெழு 0.25 என்று வைத்தால் எல்லை 1.4-ஐ ஒட்டி வரும். அதே சக்கரத்தில் உராய்வு 0.5 ஆனால் எல்லை 0.9-க்கு இறங்கிவிடும். அதாவது சொரசொரப்பான விளிம்பு தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு எளிதாக ஏறும். பட்டறையில் புதிதாகக் கடைந்துவந்த சக்கரத்தை விசாரணையாளர் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார் என்பது இப்போது புரியும். காலி சரக்கு வேகன்கள் அதிகம் தடம் புரள்வதற்கான விடையும் இங்கே இருக்கிறது: கீழ்நோக்கி அழுத்த எடை போதாது.

அப்படி ஏறியதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

தண்டவாளத்தின்மேல் சக்கரம் இழுத்த ஒரு கோட்டை வைத்து. விசாரணையாளர் கவிழ்ந்த பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரயில் வந்த திசையில் பின்னோக்கி நடப்பார். ஸ்லீப்பர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில்) சக்கரம் கொத்திய காயங்கள், தண்டவாளத்தை அவற்றோடு பிணைக்கும் கிளிப்புகள் நொறுங்கியவை, சிதறிய ஜல்லி எல்லாம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு அடியாக நிற்கும். அது சக்கரம் கீழே விழுந்த இடம். அங்கே குனிந்து தண்டவாளத்தின் தலையைப் பார்த்தால், உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்குக் குறுக்குச் சாய்வாக, ஊசியால் கீறியதுபோல் ஒரு பளபளப்பான கோடு ஓடும். அந்தக் கோடு தொடங்கும் இடமே சக்கரம் ஏறிய இடம்.

கோட்டின் நீளம் நிறையப் பேசும். பல மீட்டருக்கு நீண்டிருந்தால், சக்கரம் நிதானமாக ஏறியிருக்கிறது. தண்டவாளத்திலோ வண்டியிலோ ஊறிப்போன குறை உண்டு. கோடு மிகக் குட்டையாக இருந்தாலோ, இல்லவே இல்லாவிட்டாலோ, ஏதோ திடீரென நடந்திருக்கிறது: குறுக்கே ஒரு பொருள், உடைந்த தண்டவாளம், பிய்ந்து விழுந்த வண்டிப் பாகம். ஏறிய கோடே இல்லாமல் சக்கரம் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே விழுந்திருந்தால், தண்டவாளங்கள் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கின்றன.

ஏறிய இடத்துக்குப் பூஜ்ஜியம் என்று எண் கொடுத்து, அங்கிருந்து மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் பின்னோக்கி அளந்துகொண்டே போவார்கள். இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் நம் அகலப்பாதையில் 1676 மில்லிமீட்டர். அது எங்கே விரிந்தது, ஒரு தண்டவாளம் மற்றதைவிட எங்கே தாழ்ந்தது, அந்தத் தாழ்வு எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று ஒவ்வொரு புள்ளியிலும் குறிப்பார்கள். இன்னொரு குழு சக்கரங்களை அளக்கும். ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விளிம்பு மெலிந்ததா, கூர்மையானதா, சக்கரத்தின் ஓடுதளம் குழிந்ததா என்று தகட்டு அளவுகோலை ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்துப் பார்ப்பார்கள்.

தண்டவாளம் உடைந்து கிடந்தால் அதுதானே காரணம்?

படம் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். தடம் புரண்ட பெட்டிகள் மோதியே தண்டவாளம் துண்டாகிவிடும். எனவே உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். முழுவதும் வெள்ளி நிறத்தில் பளிச்சென்று இருந்தால் புது உடைப்பு. ஓர் ஓரம் கறுத்தோ துருவேறியோ இருந்தால், அந்தப் பகுதி முன்பே விரிந்து காற்றும் மழையும் பட்டிருக்கிறது. மெல்ல வளர்ந்த விரிசலில், அலை வந்து போன மணல்போல அடுக்கடுக்கான வளைகோடுகள் தெரியும். துண்டை வெட்டி லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள்.

எனக்குப் பிடித்த தடயம் இதைவிட எளிமையானது. உடைந்த இரு முனைகளில், ரயில் வந்து ஏறும் பக்கத்து முனையைப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு சுத்தியலால் அடித்ததுபோல நசுங்கியிருந்தால், பல சக்கரங்கள் அந்த இடைவெளியைத் தாண்டி வந்து முட்டியிருக்கின்றன. உடைப்பு முதலில், விபத்து பிறகு. முனை கூர்மை மாறாமல் இருந்தால், அது உடைந்தபின் எந்தச் சக்கரமும் அதன்மேல் ஒழுங்காக ஓடவில்லை.

வெயிலில் தண்டவாளம் வளையுமா?

வளையும். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம், வெப்பம் 30 பாகை செல்சியஸ் ஏறினால், தடையின்றி விட்டால் சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் நீள்வதற்கு இடம் கிடையாது. கிளிப்புகளும் ஜல்லியும் அதை அமுக்கிப் பிடித்திருக்கின்றன. ஜல்லி குறைந்த இடத்தில் பாம்புபோல் பக்கவாட்டில் நெளிந்துவிடும். விபத்து மதியத்தில் நடந்திருந்தால் அன்றைய தண்டவாள வெப்பநிலைப் பதிவேட்டை விசாரணையாளர் கட்டாயம் கேட்பார். அங்கே அண்மையில் ஜல்லி தோண்டும் வேலை நடந்ததா என்பது அடுத்த கேள்வி.

வெள்ளத்தால் ஏற்படும் விபத்தில் விசாரிக்க என்ன இருக்கிறது?

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து சுமார் 150 பேர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது எல்லோருக்கும் தெரியும். இத்தகைய விபத்தில் மழையைக் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. பாலத்தின் நீர்வழி போதுமா, ரோந்துக்காரர் போனாரா, எச்சரிக்கை வந்தும் ரயிலை ஏன் விட்டார்கள் என்று கேட்டாக வேண்டும்.

ஓட்டுநரின் தவறை எப்படி உறுதி செய்கிறார்கள்?

இன்ஜினில் வேகப்பதிவுக் கருவி இருக்கிறது. எந்த நொடியில் என்ன வேகம், எப்போது பிரேக் போடப்பட்டது என்பதை அது வைத்திருக்கும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் பணியில் இருந்தார், முந்தைய இரவு ஓய்வு கிடைத்ததா, வழியில் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று சொல்லும் எச்சரிக்கை ஆணை அவர் கையில் கொடுக்கப்பட்டதா என்பவையும் கேட்கப்படும்.

ஆனால் ‘ஓட்டுநர் தவறு’ என்று எழுதி கோப்பை மூடுவது அரைகுறை விசாரணை. ஜப்பானின் அமகசாகியில் 2005 ஏப்ரல் 25 அன்று, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் ஒரு ரயில் 116 கிலோமீட்டரில் நுழைந்து அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தார்கள். வேகம்தான் காரணம் என்பது ஒரே நாளில் தெரிந்துவிட்டது. ஏன் அந்த வேகம் என்று தோண்டியபோது, ரயில் ஒன்றரை நிமிடம் அளவில் தாமதமாகியிருந்தது தெரிந்தது. தாமதிக்கும் ஓட்டுநர்களை அவமானப்படுத்தும் ‘மறுபயிற்சி’ நடைமுறையும், அந்த வளைவில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவி இல்லாததும் வெளியே வந்தன. முதல் விடையோடு நின்றிருந்தால் இறந்துபோன 23 வயது இளைஞனின் தலையில் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள்.

சிக்னல் பச்சை, ஆனால் ரயில் வேறு பாதையில் போய்விட்டது. இது எப்படி?

2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாகாநாகா பஜாரில் இப்படித்தான் லூப் லைனுக்குள் (பிரதான பாதையிலிருந்து பிரியும் பக்கப் பாதைக்குள்) புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதித் தடம் புரண்டது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலையத்தில் உள்ள ‘டேட்டா லாகர்’ சிக்னலை இயக்கும் மின்விசைகளான ரிலேக்களில் எது எந்த நொடியில் மாறியது என்று பதிவு செய்துகொண்டே இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்து, லெவல் கிராசிங் கதவு தொடர்பான வேலையின்போது சிக்னல் இணைப்புகளில் தவறு நேர்ந்ததையும், 2018-இல் செய்த மாற்றத்திலேயே குறை இருந்ததையும் ஆணையர் கண்டறிந்தார். ஓட்டுநர் மீது தவறில்லை. அவருக்குக் காட்டப்பட்டது பச்சைதான்.

சதியா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

போல்ட்டைக் கேட்பார்கள். விபத்தின் அதிர்ச்சியில் பிய்ந்த போல்ட்டின் மரை (திருகு வரிகள்) இழுபட்டுச் சிதைந்திருக்கும். தண்டு வளைந்தோ அறுந்தோ இருக்கும். ஸ்பேனர் வைத்துக் கழற்றியதன் மரை முழுசாக இருக்கும், போல்ட் சேதமின்றி அருகிலேயே கிடக்கும்.

இரண்டு விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் 11 இரவு சென்னையை அடுத்த கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், பச்சை சிக்னல் இருந்தும் லூப் லைனில் திரும்பிச் சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லை. பாகாநாகா பஜார் போலவே சிக்னல் கோளாறு என்று பலரும் நினைத்தார்கள். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டின் இயந்திரப் பாகங்கள் வேண்டுமென்றே கழற்றப்பட்டிருந்தன என்று ஆணையரின் விசாரணை முடிவு செய்ததாகச் செய்திகள் வந்தன.

2016 நவம்பர் 20 அன்று கான்பூர் அருகே புக்ராயாவில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு சுமார் 150 பேர் இறந்தபோது நடந்தது இதற்குத் தலைகீழ். சதி என்று மேடைகளிலேயே பேசப்பட்டது. தேசியப் புலனாய்வு முகமை இறங்கியது. கடைசியில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. ஆணையரின் விசாரணை சுட்டியது பழைய பெட்டியொன்றின் அரிப்பையும் வெல்டிங் விரிசலையும்தான். சதி என்ற சொல் முன்கூட்டியே வந்துவிட்டால், துருப்பிடித்த இரும்பைப் பார்க்க யாருக்கும் நேரமிருப்பதில்லை.

விபத்து நடந்த இடத்தில் காரணம் கிடைக்காமல் போகுமா?

போகும். ஜெர்மனியின் எஷெட அருகே 1998 ஜூன் 3 அன்று அதிவேக ரயில் ஒன்றின் சக்கரத்தைச் சுற்றியிருந்த எஃகு வளையம் அறுந்து, பெட்டியின் தரையைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. ரயில் அதோடு சுமார் 6 கிலோமீட்டர் ஓடி, பாயிண்டில் மாட்டி, பாலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். பாலத்தடியில் மட்டும் தேடியிருந்தால் பாயிண்டைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். அறுந்த வளையத்தின் விரிசல் தொடங்கியது அதன் உள்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் ஊழியர்கள் உண்மையை மறைக்கமாட்டார்களா?

சட்டம் அதற்கு ஓரளவு வழி செய்திருக்கிறது. ஆணையர் முன்பு ஒருவர் சொன்னதை, பொய்ச் சாட்சி வழக்கு தவிர வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 117-ஆம் பிரிவு. ஆனால் அதே விபத்தை அதே வாரத்தில் காவல்துறையும் சிபிஐயும் விசாரிக்கும்போது, தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஒரு டிராக்மேனுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு தைரியம் தரும் என்று சொல்லத் தேவையில்லை. பாகாநாகா பஜார் விபத்தில் ஆணையரின் அறிக்கை வெளிவந்த சில நாள்களில் மூன்று ஊழியர்களை சிபிஐ கைது செய்தது.

அறிக்கையை நாம் படிக்க முடியுமா?

பிரிட்டனில் ரயில் விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கைகளைப் படங்களோடு இணையத்தில் போட்டுவிடுகிறது. இங்கே ஆணையரின் முழு அறிக்கை பெரும்பாலும் செய்தியாளர் வழியாகவோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவோதான் கசிகிறது. எனக்கு இதில் நியாயம் எதுவும் தெரியவில்லை. தமிழில் ஒரு சுருக்கமாவது வெளியிட்டால் வாட்ஸ்அப் வதந்திகளில் பாதி குறையும்.

காரணம் தெரியும்வரை இழப்பீடு நிற்குமா?

நிற்காது. யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு தர வேண்டும் என்கிறது 124-ஆம் பிரிவு. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது.

அந்த ரயிலில் நான் பயணம் செய்திருந்தால், என் சாட்சியம் பயன்படுமா?

பயன்படும். விசாரணை எந்த நாளில், எந்த இடத்தில் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். நேரில் போய்ச் சொல்லலாம், எழுதியும் அனுப்பலாம். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதை, உணர்ந்ததை வரிசையாகச் சொன்னால் போதும். முதலில் குலுக்கலா, சத்தமா? அடியில் கல் அடிப்பதுபோல் கடகடவென்று கேட்டதா? அது எவ்வளவு நேரம் நீடித்தது? பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்தது? பிரேக் பிடித்தது அதற்கு முன்பா பின்பா? ஜல்லியில் சக்கரம் ஓடிய நேரம் தெரிந்தால், வேகத்தோடு பெருக்கி, சக்கரம் கீழே இறங்கிய இடத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். எஸ்-3 பெட்டியின் கடைசி இருக்கையில் கேட்ட சத்தமும் முதல் இருக்கையில் கேட்ட சத்தமும் அவர்களுக்கு இரண்டு வெவ்வேறு தடயங்கள்.